காலுக்கு ஒரு விளக்கு

(வடமதுரையில் லெந்து காலக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

"துன்பத்தில் தேவ நன்மை" என்று நோட்டீசில் அச்சடித்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. நான் போதகர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதோடு, இந்தத் தலைப்பில் வாய் திறப்பவர்கள் மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கோபம் உண்டு. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது என் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளை. வீடு நிறைய ஆட்கள். சபையிலிருந்து வந்த ஒருவர் என் அம்மாவிடம், "கர்த்தர் தம் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் அம்மா, அழாதீர்கள்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் இருட்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். சனிக்கிழமையானால் பெருமாள் கோயிலுக்குப் போய்வராமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். அவர் கர்த்தரைப் பற்றியும் பேசவில்லை, பெருமாளைப் பற்றியும் பேசவில்லை. இரண்டு நாளாகக் கிடந்த பாத்திரங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் விளக்கி வந்தார். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் தேவ நன்மை எந்த வாசல் வழியாக வந்தது என்று யாராவது கேட்டால், அந்தத் தூக்குவாளியோடு வந்தது என்றுதான் சொல்வேன்.

வேதத்தில் யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேர். துன்பத்தில் கிடந்த அவன் கோலத்தைப் பார்த்து ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் செய்ததில் குறை ஒன்றும் இல்லை. அதன் பிறகு வாயைத் திறந்தார்கள், கெட்டது காரியம். நீ பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் அடிக்கமாட்டார் என்று ஆளுக்கு ஒரு நியாயம். கடைசியில் கர்த்தருக்கு யார் மேல் கோபம் வந்தது? தம்மிடம் வழக்காடிய யோபுவின் மேல் அல்ல. தமக்காக வக்காலத்து வாங்கிய இந்த மூன்று பேர் மேல்தான். துன்பப்படுகிறவன் முன்னால் நின்று கடவுளுக்கு வக்கீலாகப் பேசக் கிளம்புகிற ஒவ்வொருவரும் அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஆகவே இன்றைக்கு வக்காலத்து வேண்டாம். ஒரு பூட்டின் கதையில் தொடங்குகிறேன். திண்டுக்கல் சீமையில் நின்று பேசுகிறவன் பூட்டில்தானே தொடங்கவேண்டும்!

நம் மாங்காய்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படிப்பட்ட பூட்டுகள் துருப்பிடித்துவிட்டால் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒருநாள் ஒரு வெள்ளைக்கார டாக்டர், தொழுநோயாளிகளுக்கான மருத்துவ இல்லம் ஒன்றின் சாமான் அறை முன்னால் நின்று, துருவேறிய பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி திரும்பவில்லை. அங்கே சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவன், பத்துப் பன்னிரண்டு வயது, நறுங்கலான உடம்பு, "நான் பார்க்கிறேன்" என்று முன்வந்தான். சாவியைப் பிடித்தான், ஒரே திருகு, பூட்டு திறந்துகொண்டது. வளர்ந்த ஆளால் ஆகாதது இந்தப் பிள்ளையால் எப்படி ஆயிற்று என்று டாக்டர் மலைத்து நிற்கும்போது, தரையில் ஒரு துளி ரத்தம் விழுந்தது. பையனின் கையைப் பிடித்துப் பார்த்தார். சாவியின் விளிம்பு விரலை எலும்பு தெரிகிற அளவுக்கு அறுத்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. பூட்டைத் திறந்துவிட்ட சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அந்த டாக்டர் பால் பிராண்டு. பேர்தான் வெள்ளைக்காரப் பேர். பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-இல். அப்பா ஜெஸ்ஸி பிராண்டு, அம்மா எவலின், இருவரும் மலையில் மிஷனரிகள். மகனைப் படிப்புக்காக ஒன்பது வயதில் இங்கிலாந்தில் விட்டுவந்தார்கள். 1929-இல் அப்பா மலைக்காய்ச்சல் முற்றி இறந்துபோனார். செய்தி தந்தியில் போய்விட்டது. அவர் முன்பு எழுதிய கடிதங்களோ கப்பலில் போய்க்கொண்டிருந்தன. அப்பா இறந்த சேதி தெரிந்த பிறகும் அப்பாவின் கடிதங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பையன் கைக்கு வந்துசேர்ந்தன. இதற்கு என்ன ஆறுதல் சொல்வீர்கள்? நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்தப் பையன் 1946-இல் மருத்துவராக வேலூருக்குத் திரும்பி வந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தொழுநோய் என்றால் சதை தானாக அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டு அந்த நம்பிக்கையைச் சந்தேகித்தார். கிருமி நரம்பைத்தான் சாகடிக்கிறது. நரம்பு செத்தால் வலி செத்துப்போகிறது. வலி செத்த கை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று கண்டார். கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குவார்கள். கொப்புளம் வந்த காலோடு மைல் கணக்கில் நடப்பார்கள். ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இருக்காது. எங்கே போனது? கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது தெரிந்தது: தூக்கத்தில் எலி வந்து கடித்துத் தின்கிறது. உங்களையும் என்னையும் எலி கடித்தால் ஊரைக் கூட்டிவிடுவோம். அவர்களுக்கு விழிப்பே வராது. அதற்குப் பிறகு, குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். இறையியல் புத்தகங்களில் நான் படித்த எத்தனையோ விளக்கங்களைவிட அந்தப் பூனை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இது எங்கோ வேலூர்க் கதை என்று நினைக்கவேண்டாம். என் அப்பாவுக்குச் சர்க்கரை. ஒருநாள் காலையில் கடலைக் காட்டுக்குப் போனவர், பொழுது சாயத் திரும்பி வந்தார். சாணி மெழுகிய திண்ணையில் அவர் நடந்த வழியெல்லாம் கறுப்பாகக் கறை. அம்மா விளக்கைக் கொண்டுவந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். சீமைக் கருவேல முள், செருப்பைத் துளைத்து உள்ளே ஏறி ஒடிந்துகிடக்கிறது. "வலிக்கலையா?" என்றார் அம்மா. "என்ன வலி?" என்றார் அப்பா. அந்த முள்ளோடு ஒரு பகல் முழுக்கக் களை வெட்டியிருக்கிறார். அந்தப் பையனின் விரலும் என் அப்பாவின் பாதமும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. பிராண்டும் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போனபோது, தொழுநோயாளிகளின் காலைக் காப்பாற்றக் கற்ற வித்தையைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்படுத்தினார். இங்கே இருப்பவர்களில் சர்க்கரை உள்ளவர்கள், பிரசங்கம் மறந்தாலும் பரவாயில்லை, ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் அவர் இன்னொரு காரியமும் செய்து பார்த்தார். வலி இல்லாதவர்களுக்குச் செயற்கையாக வலியைச் செய்து கொடுத்தால் என்ன? கையுறையில் அழுத்தத்தை அறியும் கருவிகளை வைத்தார். அளவு மீறினால் ஒலி எழுப்பும். ஒலியை யாரும் மதிக்கவில்லை. சரியென்று மின்சார அதிர்ச்சி கொடுத்தார். அப்போது நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வேலையை எப்படியும் செய்தே தீரவேண்டும் என்று தோன்றினால், கருவியை அணைத்துவிட்டுச் செய்தார்கள். கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட நேர்ந்தது. வலியின் சுவிட்ச் நம் கையில் இருந்தால் அதை அணைத்துவிடுவோம் என்பதுதான் மிச்சமான பாடம். கடவுள் அதை நம் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்.

இப்படிச் சொன்னதும் சிலருக்கு நிம்மதி வரும். ஓஹோ, வலி ஒரு காவல், ஆகவே துன்பம் நல்லது என்று கணக்கை முடித்துவிடத் தோன்றும். முடிக்காதீர்கள். இந்த விளக்கம் பாதி தூரம்தான் வரும். முள் குத்தினால் வலிப்பது நன்மை, சரி. புற்றுநோய் முற்றிய பிறகு இரவெல்லாம் எரிகிற வலி எதைக் காப்பாற்றுகிறது? வீடு எரிந்து சாம்பலான பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிற மணியால் யாருக்கு என்ன பயன்? என் தங்கையின் காய்ச்சல் எங்களுக்கு எதை எச்சரித்தது? எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "வலி ஒரு வரம்" என்று சொல்கிறவன், எலும்பு தெரிய அறுபட்டும் உணராத அந்த விரலைப் போன்றவன்.

அந்த விளக்கம் நின்றுவிடுகிற இடத்திலிருந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போக இன்னொருவர் இருக்கிறார். அவரும் வேலூர்க்காரர்தான். டாக்டர் மேரி வர்கீஸ். 1925-இல் கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகம் கிழிந்தது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வயது இருபத்தெட்டு.

அவரைப் பார்க்க வந்தவர்கள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியும். பிராண்டு சொன்னது வேறு. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம், தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்து பார் என்றார். மருத்துவராக அவரால் இனி என்ன முடியும் என்று எல்லாரும் மயங்கி நின்ற இடத்தில், ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கத்தி பிடித்தார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மேசை மேல் இருப்பது உணர்ச்சியற்ற ஒரு கை. மேசைக்குக் கீழே இருப்பவை உணர்ச்சியற்ற இரண்டு கால்கள். தண்டுவடம் முறிந்தவருக்கும் அதே ஆபத்து: ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தால் புண் வரும், வந்தது தெரியாது. நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் எச்சரிக்கை எல்லாம் மருத்துவர் தனக்கும் சொல்லிக்கொள்ளவேண்டியவை. ஊரே ஒதுக்கிவைத்த ஒரு தொழுநோயாளி, தன்னால் நடக்க முடியாத ஒரு மருத்துவரிடம் கையை நீட்டும்போது, அங்கே யாரும் யாருக்கும் மேலே இல்லை. முழு உடம்போடு இருந்த எந்த மருத்துவராலும் கொடுக்க முடியாத ஒன்றை அவர் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. முதுகெலும்பு முறிந்தால் படுக்கையோடு கிடந்து சாகவேண்டியதுதான் என்றிருந்த நாட்டில், மரத்திலிருந்து விழுந்தவரும், கிணற்றில் விழுந்தவரும், மூட்டை தூக்கி முறிந்தவரும் சக்கர நாற்காலியில் ஏறி வீட்டுக்குப் போகிற வழி அங்கே திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். கடைசி வரை அவர் நடக்கவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அற்புதம் நடந்து எழுந்து ஓடினார் என்று முடிந்திருந்தால் சாட்சிக் கூட்டத்தில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

அப்படியென்றால் அந்த விபத்து கடவுள் கொடுத்த ஆசீர்வாதமா? இங்கேதான் நிதானம் வேண்டும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மேரி வர்கீஸ் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னால், எழுந்து நின்று கேட்பேன். யோசேப்பின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடித்தார் என்கிற அந்தப் பேச்சு நம் வீடுகளில் எத்தனை தடவை எடுத்தாளப்படுகிறது! ஆனால் அதைச் சொன்னது யார்? குழிக்குள் தள்ளப்பட்ட யோசேப்பு. எப்போது சொன்னான்? குழியில் கிடந்தபோது அல்ல, சிறையில் அல்ல. எத்தனையோ வருஷங்கள் கழித்து, அப்பாவையும் அடக்கம் செய்த பிறகு. யாரிடம் சொன்னான்? தன்னைத் தள்ளிய அண்ணன்மாரிடம். அதே வார்த்தையை அந்த அண்ணன்மார் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, "தம்பி, எல்லாம் நன்மைக்கே" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வார்த்தை ஒன்றுதான். குழிக்குள் இருந்தவன் சொன்னால் சாட்சி. கரையில் நிற்கிறவன் சொன்னால் கொடுமை.

துன்பத்தில் தேவ நன்மை உண்டு என்பதை நான் நம்புகிறேன். அது துன்பப்பட்டவர் கண்டு சொல்லவேண்டியது. பக்கத்தில் இருப்பவர் வேலை அதை எடுத்துச் சொல்வதல்ல, அது வந்துசேர வழியாக இருப்பது. அந்தப் பெரியம்மாவின் தூக்குவாளி அப்படி ஒரு வழி. பிராண்டு கையில் கொடுத்த கத்தி ஒரு வழி.

இனி சிலுவைக்கு வருகிறேன். லெந்து நாளில் அங்கே வராமல் போகக்கூடாது.

கொல்கொதாவில் சிலுவையில் அறைவதற்கு முன்னால் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசம் கொடுத்தார்கள். அது மரத்துப்போகச் செய்யும் பானம், அந்தக் காலத்து வலிமருந்து என்று வேதப் பண்டிதர்கள் சொல்கிறார்கள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மருத்துவர் கொடுக்கிற வலி மாத்திரையை நீங்கள் தள்ளிவிடவேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்லாதீர்கள். மாத்திரையும் தேவ நன்மைதான், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நான் பார்ப்பது வேறு. கருவியின் சுவிட்ச் கையில் இருந்தால் நாம் எல்லாரும் அணைத்துவிடுவோம் என்றேன் அல்லவா? சுவிட்ச் கையில் இருந்தும் அணைக்காதவர் ஒருவர் அங்கே நிற்கிறார். நம் வலியைத் தூரத்திலிருந்து அறிகிற கடவுள் அல்ல. மரத்துப்போக மறுத்த கடவுள்.

உயிர்த்தெழுந்த பிறகும் அந்த உடம்பில் ஆணித் தழும்பு இருந்தது. தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். மரணத்தையே வென்றவருக்கு ஒரு தழும்பை ஆற்றத் தெரியாதா? வைத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கைகளையே பார்த்துப் பழகிய பிராண்டு, இந்தக் கைகளைப் பற்றி ஓயாமல் யோசித்தார் என்பதில் ஆச்சரியமில்லை.

பவுலுக்கும் ஒரு முள் இருந்தது, மாம்சத்தில். எடுத்துவிடும்படி மூன்று முறை கெஞ்சினார். எடுக்கப்படவில்லை. கிருபை கிடைத்தது. அதே பவுல் சபையை ஓர் உடம்பு என்றார். ஓர் உறுப்பு பாடுபட்டால் எல்லா உறுப்பும் கூடப் பாடுபடும் என்றார். அறிவியல் வாத்தியாராக நான் இதை இப்படிப் படிக்கிறேன்: கூடப் பாடுபடாத உடம்பில் நரம்பு செத்திருக்கிறது. தொழுநோய்க்கு இன்று மருந்து உண்டு. 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை அதை முழுதாகக் குணப்படுத்துகிறது. நேரத்தோடு தொடங்கினால் ஊனமும் வராது. ஆனால் மில்லில் நைட் ஷிப்டு முடிந்து கண் எரிய வீட்டுக்குப் போகிற பிள்ளையைப் பார்த்தும், பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய சேதியைக் கேட்டும், நமக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்றால், அந்த மரத்துப்போதலுக்கு மருந்து வேதத்தில்தான் தேடவேண்டும்.

அந்தப் பூனையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பூனையால் செத்த நரம்பை எழுப்ப முடியாது. ஆனால் உணர முடியாதவன் தூங்கும்போது அவனுக்காக அது விழித்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா செய்தார். அந்த முள்ளுக்குப் பிறகு, அப்பா இருந்தவரை ஒருநாள் தவறாமல், சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் காலை மடியில் தூக்கி வைத்து, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பார். சிவந்த இடம் கண்டால் "இஸ்" என்று வாய்க்குள் ஒரு சத்தம். வலித்தது அப்பாவுக்கு அல்ல, அம்மாவுக்கு. அப்பாவின் உணர்ச்சி செத்த கால், கடைசி வரை ஒரு விரல் குறையாமல் இருந்தது.

ஜெபக் கூட்டங்களில் வசனம் கால்களுக்குத் தீபம் என்று யாராவது வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விளக்குத்தான் நினைவுக்கு வரும். என் தங்கை ஏன் போனாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அம்மாவும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பாவின் காலைப் பார்த்து முடித்துவிட்டு, விளக்கைக் கீழே வைக்கும்போது மட்டும், "ஆண்டவர் நல்லவர்" என்பார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.